மின்னணு ஆராய்ச்சியில் இளைஞர் வளர்ச்சியும் தோழமையும்

(இளம் மின்னணு ஆராய்ச்சியாளர்களுக்கான பயிற்சி முகாமின் தொடக்க நாளில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நீங்கள் இங்கு வந்து கூடியிருக்கிறீர்கள். உங்களுள் சிலர் பெயர்பெற்ற உயர்கல்வி நிலையங்களில் ஆய்வு செய்பவர்கள். பலர் சிறு நகரங்களின் பொறியியல் கல்லூரிகளில் வாரம் முழுதும் வகுப்பெடுத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சிக்கு இடம் தேடுபவர்கள். நேற்று மாலை நீங்கள் வந்து சேர்ந்தபோது, உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, எங்கள் கல்லூரியில் என்னைத் தவிர இத்துறையில் ஆய்வு செய்பவர் எவருமில்லை. பெரியவர்கள் எவரையும் எனக்குத் தெரியாது. நான் முன்னேற வழி உண்டா?"

இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. திறமையுள்ள ஓர் இளைஞனின் ஆராய்ச்சி வாழ்வு, அவன் எந்த வாயிலின் வழியாகத் துறைக்குள் நுழைந்தான் என்பதைக் கொண்டே முடிவாகிவிடுமானால், அது அவனுக்கு மட்டுமல்லாமல் நாட்டுக்கும் இழப்பாகும். ஆகவே இன்று எனக்குத் தரப்பட்ட நேரத்தை அக்கேள்விக்கு விடை கூறவே பயன்படுத்த விரும்புகிறேன்.

'தொடர்புகளை வளர்த்துக்கொள்' என்று இளைஞர்களுக்கு அறிவுரை கூறும்போது, அதைப் பலர் சிபாரிசு தேடுவது என்றே பொருள் கொள்கிறார்கள். கூச்சமுள்ள நல்ல மாணவர்கள் இதனாலேயே ஒதுங்கி நிற்கிறார்கள். நான் கூற வந்த தொடர்பு வேறு வகையானது. ஒரே வேலையில் ஈடுபட்ட இருவர், தம் வேலையின் பொருட்டு ஒருவருக்கொருவர் பயன்படுவதையே நான் தோழமை என்கிறேன். இதன் தேவையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. எட்டு மாதங்களை இழந்து கற்றேன்.

எட்டு மாதங்களும் ஒரு சுவரும்

என் ஆராய்ச்சி வாழ்வின் இரண்டாம் ஆண்டில், சிலிக்கன் வில்லையின் மீது ஆக்சைடுப் படலம் வளர்த்து, அதன்மேல் அலுமினியம் படியவைத்து மின்தேக்கிகள் செய்துகொண்டிருந்தேன். உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி என்னும் இம்மூன்றடுக்கு அமைப்பே இன்றைய ஒருங்கிணைந்த சுற்றுகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. நான் செய்த மின்தேக்கிகளைச் சற்றே சூடாக்கி மின்னழுத்தம் கொடுத்தால், அவற்றின் அளவீட்டுக் கோடு ஒவ்வொரு முறையும் இடம் பெயர்ந்தது. காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு!

ஆக்சைடுக்குள் சோடியம் அயனிகள் புகுந்திருந்தால் இவ்வாறு நேரும் என்பதை நூல்கள் கூறின. இது 1960களிலேயே தெளிவாக்கப்பட்ட செய்தி. சோடியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் புதிர். அமிலங்களை மாற்றினேன். அயனி நீக்கிய நீரைச் சோதித்தேன். உலையின் குவார்ட்ஸ் குழாயைக் கழுவினேன். கையுறைகளை மாற்றினேன். எட்டு மாதங்கள் கழிந்தன. என் வழிகாட்டியிடம் காட்டத் தக்க ஓர் அளவீடுகூட இல்லை. ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேறு வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் எண்ணத் தொடங்கினேன்.

ஒரு நாள், பக்கத்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த முதிய தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் உணவு வேளையில் என்னருகே அமர்ந்தார். முகவாட்டத்தைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கவளம் உண்டு முடித்த பின் நிதானமாகக் கூறினார்: "உலையில் ஏன் தேடுகிறீர்கள், தம்பி? அலுமினியத்தை ஆவியாக்கும் டங்ஸ்டன் இழையைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இதே தொல்லையில் அகப்பட்டோம்."

டங்ஸ்டன் இழைகளில் சோடியம் மாசு இருப்பதுண்டு. இழையைச் சூடாக்கும்போது அதுவும் அலுமினியத்தோடு சேர்ந்து வில்லையில் படிகிறது. இழையை முன்கூட்டியே வெற்றிடத்தில் நன்கு சூடாக்கித் தூய்மைப்படுத்திய பின் பயன்படுத்தினேன். இரண்டே வாரங்களில் கோடு அசையாமல் நின்றது.

எனக்கும் அந்த அறிவுக்கும் இடையே நின்றது ஒரு சுவர் மட்டுமே. அவர்கள் ஏன் அதை எழுதி வெளியிடவில்லை என்று பின்னர் கேட்டேன். "தோல்வியை யார் அச்சிடுவார்கள்?" என்றார்.

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு விடையில் அடங்கியிருக்கிறது. ஆய்வு ஏடுகள் வெற்றி பெற்ற வழியை அச்சிடுகின்றன. வெற்றி பெறாத பத்து வழிகள் மனிதர்களின் நினைவிலும் ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளிலும் தங்கிவிடுகின்றன. அவை வாய்மொழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கின்றன. எவரையும் அறியாத ஆராய்ச்சியாளன், பிறர் ஏற்கெனவே செய்து முடித்த தவறுகளை எல்லாம் தன் சொந்தச் செலவில் மீண்டும் செய்ய வேண்டியவனாகிறான்.

தனியொருவரால் இயலாத துறை

கணிதம் போன்ற சில துறைகளில் ஒருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு நெடுந்தொலைவு செல்லலாம். மின்னணுவியல் அத்தகையதன்று. ஒரு சில்லு உருவாக வேண்டுமானால் பொருளியல்பு அறிந்தவர், வேதியியல் செயல்முறை அறிந்தவர், சுற்று வடிவமைப்பவர், அளவீடு செய்பவர், மென்பொருள் எழுதுபவர் ஆகிய பலரும் ஒன்றுபட வேண்டும்.

டிரான்சிஸ்டரின் பிறப்பே இதற்குச் சான்று. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கிய இருவருள் ஜான் பார்டீன் கோட்பாட்டாளர். வால்டர் பிராட்டைன் செய்முறையில் தேர்ந்தவர். ஒருவர் எண்ணியதை மற்றவர் அன்றே செய்து பார்த்தார். செய்து பார்த்ததில் கண்ட வியப்பை முதலாமவர் அன்றே விளக்க முயன்றார். பலதுறையினர் நாள்தோறும் ஒருவரையொருவர் சந்திக்கும்படி அமைந்திருந்த அந்த நிறுவனத்தின் சூழ்நிலையும் இதற்குத் துணை நின்றது.

அதன் பின் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. 1952 ஏப்ரலில் அதே நிறுவனம், உரிமம் பெற்ற நிறுவனங்களின் பொறியாளர்களைத் தன் இடத்துக்கே அழைத்து, டிரான்சிஸ்டர் செய்யும் முறைகளைப் பல நாட்கள் கற்பித்தது. காப்புரிமை ஆவணத்தைப் படிப்பதால் மட்டும் இத்தொழில் கைவராது. செய்பவர் அருகில் நின்று காண வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நம் நாட்டு முன்னோடிகள்

நம் நாட்டில் இத்துறை வேரூன்றிய வரலாறும் இதையே உணர்த்துகிறது. சிசிர் குமார் மித்ரா 1920களின் தொடக்கத்தில் பிரான்சில் ஒளியியல் ஆய்வுக்காகச் சென்றவர். அங்கு நான்சி நகரில் பேராசிரியர் கூட்டனின் ஆய்வுக்கூடத்தில் ரேடியோக் குழாய்களைக் கொண்டு நடைபெற்ற ஆராய்ச்சியைக் கண்டு, தம் பாதையையே மாற்றிக்கொண்டார். கம்பியில்லாத் தந்தியியலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று அங்கிருந்தே அசுதோஷ் முகர்ஜிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்துக்கு ஆதரவு கிடைத்தது. அதிலிருந்து வளர்ந்த பணியே 1949ஆம் ஆண்டில் ரேடியோ இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிலையமாகக் கல்கத்தாவில் உருப்பெற்றது. ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த பழக்கமும், தயங்காமல் எழுதிய ஒரு கடிதமும் ஒரு துறையையே தொடங்கி வைத்தன!

டாக்டர் ஹோமி பாபா 1945இல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுக்குக் கருவிகள் தேவைப்பட்டன. அவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டே இருப்பதைவிட, இங்கேயே செய்யும் இளைஞர் குழுக்களை உருவாக்குவது நல்லது என அவர் கருதினார். அத்தகைய சூழலில்தான் 'டிப்ராக்' என்னும் கணிப்பொறியை இளைஞர்கள் உருவாக்கி 1960இல் இயக்கினர். அணுசக்தித் துறையின் மின்னணுக் குழுக்களில் பெற்ற பயிற்சியே 1967இல் ஐதராபாத்தில் ஏ.எஸ். ராவ் தலைமையில் இந்திய மின்னணுக் கழகம் தோன்ற வழிவகுத்தது. பௌதிகம் படித்தவரும் பொறியியல் படித்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து பணிபுரிந்ததால் விளைந்த பயன் அது.

சிறு கல்லூரியில் இருப்பவர் என்ன செய்வது?

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் கதைகள். எங்களுக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக இன்னொரு வரலாற்றைக் கூறுகிறேன்.

லின் கான்வே என்னும் கணிப்பொறி விஞ்ஞானி, தம் பாலின மாற்றத்தைத் தெரிவித்த காரணத்தால் 1968இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டவர். தம் முந்தைய சாதனைகளை வெளியே சொல்லவும் இயலாமல், கடைநிலை மென்பொருள் பணியிலிருந்து வாழ்வை மறுபடி தொடங்கினார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் சேர்ந்த பின், கார்வர் மீட் என்பவரோடு இணைந்து, சில்லு வடிவமைப்பை எளிய விதிகளாக வகுத்தார். 1978இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் அதைப் பாடமாக நடத்தினார். மாணவர்கள் வரைந்த வடிவங்கள் நாட்டின் மறுகோடிக்கு அனுப்பப்பட்டு, சில்லுகளாகி அவர்கள் கைக்கே திரும்பி வந்தன.

அடுத்த ஆண்டு, 1979இல், பன்னிரண்டு கல்வி நிலையங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் வடிவமைப்புகள் அக்காலக் கணிப்பொறி வலையமைப்பின் வழியாக ஓரிடத்தில் திரட்டப்பட்டன. பலருடைய வடிவங்கள் ஒரே வில்லையில் அடுத்தடுத்து அமைக்கப்பட்டதால், எவராலும் தனித்துத் தாங்க இயலாத செலவு அனைவருக்கும் பகிரப்பட்டது. அவ்வாறு உருவான சில்லுகளுள் ஒன்று, ஜேம்ஸ் கிளார்க் வடிவமைத்த வரைகலைச் சில்லு. அதை அடிப்படையாகக் கொண்டே பின்னர் சிலிக்கன் கிராபிக்ஸ் என்னும் நிறுவனம் பிறந்தது. சொந்தமாக உற்பத்திக்கூடம் இல்லாத கல்லூரி மாணவர்கள், தம்முள் இணைந்ததால் உற்பத்திக்கூடம் உடையவர்களானார்கள்.

நம் நாட்டிலும் இவ்வழி திறக்கப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய நானோ மின்னணுவியல் பயனாளர் திட்டத்தின்கீழ், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் உள்ள தூய்மை அறைகள் பிற கல்லூரிகளின் ஆராய்ச்சியாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பின்னர் வேறு சில ஐ.ஐ.டி.களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. சில்லு வடிவமைப்பில் 85,000 பேருக்குப் பயிற்சி தருவதை இலக்காகக் கொண்ட மத்திய அரசின் திட்டத்தில், விலை உயர்ந்த வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரிகளுக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கிடைக்கின்றன. மாணவர்களின் வடிவமைப்புகள் மொஹாலியில் உள்ள குறைகடத்தி ஆய்வுக்கூடத்தில் 180 நானோமீட்டர் முறையில் சில்லுகளாக உருப்பெறுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' குழுவினர் வடிவமைத்த செயலிகளுள் ஒன்று 2018இல் அங்குதான் உருவாக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். திட்டத்தின் அறிவிப்பு ஒரு கதவைத் திறக்கும். உள்ளே சென்ற பின் எந்தக் கருவி எந்த நாளில் எவ்வாறு இயங்கும், எந்த அளவீட்டை நம்பலாம் என்பதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். நீங்கள் அங்கு ஒரு வாரம் தங்கினால், சில்லோடு மட்டும் திரும்பாதீர்கள். ஐந்து நண்பர்களோடு திரும்புங்கள்.

கொடுப்பதற்கு உங்களிடம் உள்ளது

'பெற்றுக்கொள்வதற்கு ஆயிரம் உண்டு. கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?' என்னும் தயக்கம் இளைஞர்களுக்கு இயல்பு. உங்களிடம் உள்ளதைக் கூறுகிறேன்: நேர்மையான அளவீடு, முறையாக எழுதிய குறிப்பேடு, நேர்ந்த தோல்வியை ஒளிக்காமல் சொல்லும் துணிவு. இம்மூன்றும் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் எளிதில் கிடைப்பவை அல்ல.

ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையில் கண்ட முறையைப் பின்பற்றிப் பார்க்கிறீர்கள். அவர் கூறிய விளைவு கிடைக்கவில்லை. உடனே அவரைக் குறை கூறவும் வேண்டாம்; உங்களையே நொந்துகொண்டு வாளாவிருக்கவும் வேண்டாம். என்ன செய்தீர்கள், எந்த வெப்பநிலையில், எந்தக் கருவியால் அளந்தீர்கள், என்ன கண்டீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒரேயொரு தெளிவான கேள்வியோடு அவருக்கு அனுப்புங்கள். 'தங்களின்கீழ் ஆய்வு செய்ய விரும்புகிறேன். வாய்ப்புத் தருக' என்று ஐம்பது பேருக்கு ஒரே வாசகத்தில் அனுப்பும் கடிதங்கள் பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. தம் கட்டுரையை ஊன்றிப் படித்து, தாமே செய்து பார்த்து எழுதிய இளைஞரின் கடிதத்தைப் புறக்கணிக்கும் விஞ்ஞானி அரியவர். விடை வராவிடில் மூன்று வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். அதன் பிறகும் வராவிடில் மனம் நோகாமல் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

கருத்தரங்குகளையும் அவ்வாறே பயன்படுத்த வேண்டும். குறைகடத்திச் சாதனங்களின் இயற்பியல் குறித்த பன்னாட்டுப் பயிலரங்கு 1981இலிருந்தும், மிகப்பேரளவு ஒருங்கிணைந்த சுற்று வடிவமைப்பு மாநாடு 1985இலிருந்தும் நம் நாட்டில் நடைபெற்று வருகின்றன. 1953இல் தொடங்கப்பட்ட மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர் நிறுவனத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன. இத்தகைய கூட்டத்துக்குச் செல்லுமுன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, நீங்கள் அவசியம் பேச வேண்டிய மூவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுடைய அண்மைக் கட்டுரை ஒன்றையேனும் படித்துச் செல்லுங்கள். புகழ் பெற்ற பேராசிரியரைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்பதைவிட, அவருடைய மாணவர் சுவரொட்டிக் காட்சியில் தனித்து நிற்கும் இடத்துக்குச் செல்வது பயன் மிக்கது. அளவீட்டின் நுட்பங்கள் அம்மாணவரின் கைகளில்தான் இருக்கின்றன. பத்து ஆண்டுகளுக்குப் பின் துறையை நடத்தப் போகிறவரும் அவரே. ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், பேசியதை நினைவுகூர்ந்து, அனுப்புவதாகக் கூறிய கட்டுரையையோ அளவீட்டையோ அனுப்பிவிடுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் இந்தச் சிறு செயலே நம்பிக்கைக்கு முதல் படி.

உழைப்பும் உரிமையும்

தோழமை என்பதால் கணக்கு வேண்டாம் என்று எண்ணிவிடலாகாது. கூட்டு முயற்சிகள் பலவும் உடைவது ஆய்வின் தோல்வியால் அன்று. யாருக்கு எவ்வளவு பெருமை என்ற பூசலால்தான். டிரான்சிஸ்டரின் வரலாற்றிலேயே இந்தக் கசப்பு உண்டு. முதல் டிரான்சிஸ்டரின் காப்புரிமையில் குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லியின் பெயர் இடம்பெறவில்லை. அவர் தனித்து உழைத்து, சந்தி டிரான்சிஸ்டரைக் கண்டறிந்தார். ஆனால் குழுவின் ஒற்றுமை குலைந்தது. பார்டீன் 1951இல் அந்நிறுவனத்தை விட்டே விலகி இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். மூவரும் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர் என்பது உண்மையே. ஆயினும் மூவரும் சேர்ந்து செய்திருக்கக் கூடிய பணி செய்யப்படாமலே போயிற்று.

ஆகவே, கூட்டு ஆய்வின் தொடக்கத்திலேயே எவர் எதைச் செய்வது, கட்டுரையில் பெயர்கள் எந்த வரிசையில் வருவது என்பதைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இளையவர் இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. "ஐயா, பின்னர் குழப்பம் வராமலிருக்க இப்போதே குறித்துக்கொள்ளலாமா?" என்று பணிவோடு கேட்கலாம். கேட்டதற்குச் சினம் கொள்பவரோடு மேற்கொண்டு பணிபுரிவதா என்பதை நீங்கள் ஆலோசிக்க வேண்டும். அளவீட்டுக்கு உதவியவரின் பெயரை, அவர் எத்தகைய பதவியில் இருந்தாலும், நன்றியுரையில் குறிப்பிடத் தவறாதீர்கள். என் முதல் கட்டுரையின் நன்றியுரையில் டங்ஸ்டன் இழையைச் சுட்டிக்காட்டியவரின் பெயர் உண்டு. அந்த அச்சுப்படியை அவர் ஓய்வு பெறும் வரை தம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

புதிய கண்டுபிடிப்பு என்று தோன்றினால், கட்டுரையாக வெளியிடுமுன் காப்புரிமை பற்றிச் சிந்தியுங்கள். முதலில் தற்காலிக விண்ணப்பம் அளித்து, பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரத்தைத் தாக்கல் செய்ய நம் சட்டம் இடமளிக்கிறது. காப்புரிமையில் நாட்டமில்லாதவர் என்று அறியப்பட்ட ஜகதீச சந்திர போஸ், கலீனாப் படிகத்தைக் கொண்டு செய்த மின்னலை உணர்விக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலே அதற்குக் காரணம். அக்காப்புரிமையில் பாதி உரிமை சாரா புல் என்னும் நண்பரின் பெயரில் பதிவாயிற்று. குறைகடத்திச் சாதனங்களுக்கான மிகத் தொடக்ககாலக் காப்புரிமைகளுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது.

விலக்க வேண்டியவை

தொடர்பு என்ற பெயரால் நடைபெறும் சில தீய வழக்கங்களையும் எச்சரிக்க வேண்டியவனாக இருக்கிறேன். உழைக்காதவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதும், ஒருவர் கட்டுரையை மற்றவர் தேவையின்றி மேற்கோள் காட்டி எண்ணிக்கையைப் பெருக்குவதும், பணம் பெற்றுக்கொண்டு எதையும் அச்சிடும் ஏடுகளில் வெளியிடுவதும் விரைவான முன்னேற்றம் போலத் தோன்றும். இத்துறையில் இறுதித் தீர்ப்பு வழங்குவது சில்லுதான். அது இயங்கும், அல்லது இயங்காது. பொய்யான அளவீட்டின் மேல் அமைந்த புகழ், வேறொருவர் அதே சில்லைச் செய்து பார்க்கும் நாளில் சரிந்துவிடும்.

மற்றொன்று, தொடர்பு ஆழத்துக்கு மாற்றாகாது. முதல் ஐந்து ஆண்டுகளில் ஏதேனும் ஒரு செயல்முறையிலோ, ஒரு வகை அளவீட்டிலோ, ஒரு வடிவமைப்பு முறையிலோ மற்றவர் உங்களைத் தேடி வரும் அளவுக்குத் தேர்ச்சி பெறுங்கள். 'குறைந்த மின்னோட்ட அளவீடா? அந்தக் கல்லூரியில் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள்' என்று நாலு பேர் சொல்லும் நிலை வருமானால், உங்கள் பணி வளர்ச்சி பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கற்பித்தல், அரசு ஆய்வுக்கூடம், தொழிற்சாலை என்னும் மூன்று வழிகளில் எதில் சென்றாலும் அத்தேர்ச்சி உடன் வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதையும் அதுவே எளிதாக்கும்.

மூத்தோர் கடமை

இறுதியாக, இம்மன்றத்தில் அமர்ந்திருக்கும் மூத்த நண்பர்களுக்கும் ஒரு சொல். இளைஞர்களைத் தொடர்பு தேடச் சொல்லிவிட்டு, நம் கதவுகளை நாம் மூடி வைத்திருப்பது முறையாகாது. நம் ஆய்வுக்கூடங்களில் ஆண்டுக்கணக்கில் உறையிட்டு வைத்திருக்கும் கருவிகள் எத்தனை! வாரத்தில் ஒரு நாளேனும் அவற்றை வெளியாருக்குத் திறந்துவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும், வெற்றியைப் பேசாமல், தவறிய முயற்சிகளை மட்டும் பேசும் ஓர் அரங்கை ஒவ்வொரு நிறுவனமும் நடத்தலாம். அதற்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவுதான். அதனால் எத்தனை பேருக்கு எத்தனை எட்டு மாதங்கள் மிச்சமாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெண் ஆராய்ச்சியாளர்களின் நிலை தனிக் கவனத்துக்கு உரியது. மகப்பேற்றுக்காகவும் குடும்பப் பொறுப்புக்காகவும் இரண்டு மூன்று ஆண்டுகள் விலகி நின்றவர் திரும்பி வரும்போது, கற்ற கல்வி அவரிடம் அப்படியே இருக்கிறது. அறுந்து போயிருப்பது தொடர்பே. அவர்களுக்கென அறிவியல், தொழில்நுட்பத் துறை தனித் திட்டம் நடத்துகிறது. அத்துடன், விலகி நின்ற காலத்திலும் அவர்களைக் கருத்தரங்குகளுக்கு அழைத்தும், கட்டுரைகளை மதிப்பிட அனுப்பியும் தொடர்பு அறாமல் காப்பது சக ஆராய்ச்சியாளர்களாகிய நம் கடமை. மாலை தாமதமாக நடைபெறும் கூட்டங்களில்தான் முக்கிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்றால், அவ்வழக்கத்தையும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

குறைகடத்தித் தொழிலுக்கென 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடி மதிப்பிலான திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்தது. கட்டடங்களையும் இயந்திரங்களையும் பணம் கொண்டு எழுப்பலாம். அவ்வியந்திரத்தில் நேற்று என்ன தவறு நேர்ந்தது என்பதை இன்று ஒருவர் மற்றொருவருக்கு மனமுவந்து சொல்லும் பழக்கத்தைப் பணம் கொண்டு வாங்க இயலாது. அப்பழக்கத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நேற்று என்னிடம் கேள்வி கேட்ட நண்பருக்கு என் விடை இதுதான்: உங்களுக்குப் பெரியவர்கள் எவரையும் தெரியாமல் இருக்கலாம். இந்த அறையில் உங்கள் வலப்புறம் ஒருவரும் இடப்புறம் ஒருவரும் அமர்ந்திருக்கிறார்கள். இன்று உணவு வேளையில் அவர்களிடம் உங்கள் வெற்றியைப் பற்றிப் பேச வேண்டாம். உங்கள் ஆய்வில் இப்போது எது இயங்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். அவர்களுடையதையும் கேளுங்கள்.